கடற்கரை மணலில் போட்ட சிமெண்ட் தளம் இறங்கினால் என்ன செய்வது

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி பக்கம் எங்கள் வீடு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தோப்புதான். வீட்டைக் கட்டி முடித்த கையோடு சுவரை ஒட்டிச் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் போட்டோம், இரண்டே மழைக்காலத்தில் மேற்குப் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. வெளியே ஓட வேண்டிய தண்ணீர் சுவரைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. வந்து பார்த்த கொத்தனார், "தம்பி, மேல ரெண்டு சட்டி கலவையப் போட்டு இழுத்துவிட்டா மட்டமாயிரும்" என்றார். "சரிண்ணே, போட்டுருங்க" என்றேன். அடுத்த கார்த்திகைக்குள் அந்தக் கலவை அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது, கீழே தளம் இன்னும் அரை அங்குலம் போயிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே நாளில் வேலை முடியட்டும் என்று அவசரப்பட்டது நான்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்து மணல் தண்ணீரில் நனைந்தால் இறுகும், தண்ணீர் ஓடினால் கூடவே ஓடிவிடும். மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் தளம் இறங்குகிற வீடுகளில் மொட்டை மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பள்ளம் இருக்கும். 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். அது முழுக்க இரண்டு மூன்று பைப் வழியாக ஒரே இடத்தில் கொட்டினால் தளத்துக்கு அடியில் மணல் நிற்குமா? 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசலில் கதை வேறு: அங்கே மண்ணே நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், தளம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நான் சொல்வது மணல் பூமிக்கு.

வேறு காரணங்களும் உண்டு. பனந்தோப்பை அழித்துப் பிளாட் போட்ட இடமாக இருந்தால், தோண்டி எடுக்காமல் விட்ட பனந்தூர் (பனையின் அடிக்கட்டை) கொஞ்சம் கொஞ்சமாக மக்கி உள்ளே குழி விழும். செப்டிக் டேங்க் தோண்டிய மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காமல் அப்படியே தள்ளி மூடியிருப்பார்கள். பெருச்சாளி வளை வைத்திருக்கும் (இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஒரு வளையில் நான் ஏழு சட்டி கலவை ஊற்றியிருக்கிறேன்). நிலத்தடிக் குழாய் கசிந்தாலும் இதே கதிதான்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு கம்பியை எடுத்துத் தளத்தை ஓரடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள், அடியில் மண் இருந்தால் கெட்டியாகக் கேட்கும், வெற்றிடம் இருந்தால் குடத்தைத் தட்டின மாதிரி 'டம்' என்று கேட்கும். அந்த இடங்களை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். விரிசல் மேல் கொஞ்சம் சிமெண்ட் பூசி அதன் மேல் தேதி எழுதுங்கள், ஒரு மாதத்தில் அந்தப் பூச்சு வெடித்தால் தளம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுச் சுவரிலேயே சாய்வாக விரிசல் ஓடினாலோ, செப்டிக் டேங்க் அல்லது மூடிய பழைய கிணற்றுப் பக்கம் தளம் திடீரென்று உள்வாங்கினாலோ யாரையும் அதன் மேல் நிற்க விடாதீர்கள், ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது நாமே செய்கிற வேலை கிடையாது.

காரணத்தைச் சரிசெய்யாமல் தளத்தில் கை வைக்கவே வைக்காதீர்கள். மாடிப் பைப்பை நீட்டித் தண்ணீரை சுவரிலிருந்து ஆறேழு அடி தள்ளி விடுங்கள், முடிந்தால் மழைநீர்த் தொட்டிக்கே கொண்டுபோய்விடுங்கள், நம் ஊரில் நல்ல தண்ணீரைத் தரையில் விடுவது பாவம்.

இனி தளத்துக்கு வருவோம். ஒரு பக்கம் அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தூக்கிக்கொண்டு கால் தட்டுகிறது, அடியில் வெற்றிடம் இல்லை, அவ்வளவுதான் என்றால், கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டித் தேய்த்துவிடலாம். முகத்தில் சாதாரணத் துண்டு போதாது, நல்ல மாஸ்க் போடுங்கள், கான்கிரீட் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தனித்தனி சிலாப்பாகப் போட்டிருந்தால் அதிர்ஷ்டசாலி. 2 அடிக்கு 2 அடி, 3 அங்குலக் கனமுள்ள சிலாப் கிட்டத்தட்ட 67 கிலோ, இரண்டு பேர் கடப்பாரை வைத்து நெம்பினால் வந்துவிடும். ஆனால் 3 அடிக்கு 3 அடி, 4 அங்குலம் என்றால் 200 கிலோ, அதைக் கையால் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள், கார் ஜாக்கி வைத்து ஓரத்தைத் தூக்கி உடனே அடியில் கட்டை கொடுங்கள். சும்மா ஜாக்கியை நம்பி விரலை உள்ளே விடக் கூடாது. தூக்கிய பிறகு அடியில் இருக்கிற வேர், மக்கிய கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மணலைப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே இரண்டு அங்குலம் கிரஷர் பவுடர் பரப்பி மட்டப்பலகையால் இழுத்து சிலாப்பைத் திரும்ப வையுங்கள். முதலில் கால் அங்குலம் உயரமாகவே வையுங்கள், நடமாட்டத்தில் தானாக உட்காரும்.

தளம் ஒரே துண்டாக, உடையாமல், ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இறங்கியிருந்து அடியில் 'டம்' என்று கேட்கிறதா? சிமெண்ட் பால் ஊற்றலாம். மூன்றடிக்கு ஒன்றாக ஒன்றரை அங்குலத் துளை போட்டு, தளத்தின் ஓரங்களைக் கலவையால் அடைத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு நன்றாகச் சலித்த பொடி மணல் சேர்த்துக் கூழ் பதத்தில் கரைத்து, துளையில் மூன்றடி பைப்பை நிறுத்தி மெதுவாக ஊற்றுங்கள். தாழ்ந்த ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்துத் துளையில் கூழ் எட்டிப் பார்த்ததும் அதற்கு மாறுங்கள். இது பள்ளத்தை நிரப்பும், தளத்தைத் தூக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். பம்ப் வைத்து அழுத்தித் தூக்குகிற முறை உண்டு, விரிகிற ஃபோம் செலுத்தித் தூக்குவதும் உண்டு, மூன்றடி நடைபாதைக்கு ஆளையும் இயந்திரத்தையும் வரவழைக்கிற செலவில் புதுத் தளமே போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

தளம் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அல்லது மூன்று நான்கு துண்டாக உடைந்திருந்தால் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள். உடைக்கும் முன் தண்ணீர் பைப், எர்த் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உடைத்த கட்டிகளை வீணாக்க வேண்டாம், அடியில் போட்டு இடைவெளியை மணலால் நிரப்பலாம். குழியில் மணலை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடுத்த ஐப்பசியில் என்னை நினைப்பீர்கள். மேலே நாலு அங்குலம் கிராவல், அதையும் நனைத்து இடித்து, அதன் மேல் பாலிதீன் தாள். தாள் போட்டால் கீழே இருக்கிற உப்பு ஈரம் மேலே ஏறாது, கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீரையும் மணல் உறிஞ்சாது.

கான்கிரீட் 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) போதும், அதாவது எம்20 என்கிற தரம், கனம் 4 அங்குலம். பத்தடி நீளம் மூன்றடி அகலத்துக்கு இரண்டரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் வாங்குங்கள், உப்புக்காற்றுக்கு அது நல்லது. தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர், எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். "தண்ணி பத்தலண்ணே, ஓடல" என்று சித்தாள் சொல்வார், சொல்லட்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், கடல் தண்ணீரும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்றால் ஆய்வு செய்து பாருங்கள்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கலாம், கம்பி இருந்தால் 500தான். நான் டேங்கர் தண்ணீர் வாங்கினேன், இந்த அளவு வேலைக்கு ஒரு டேங்கர் மிச்சம்தான்.

கம்பி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடலோரத்தில் கம்பிக்கு 45 முதல் 50 மில்லிமீட்டர் வரை கவர் (கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட் கனம்) வேண்டும், நாலு அங்குலத் தளத்தில் மேலும் கீழும் அதை விட்டால் கம்பிக்கு இடம் ஏது? கவர் இல்லாமல் போட்ட கம்பி துருப்பிடித்து உப்பி, நன்றாக இருக்கிற தளத்தையும் பிளந்துவிடும். நடக்கிற தளத்துக்குக் கம்பி வேண்டாம், அதற்குப் பதிலாக எட்டு அடிக்கு ஒரு ஜாயிண்ட் விடுங்கள், ஒரு அங்குல ஆழம் வெட்டினால் போதும், விரிசல் வந்தாலும் அந்தக் கோட்டிலேயே வரும். கார் ஏறுகிற இடம் என்றால் அரை அடிக் கனம், பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

வாட்டம் மறக்காதீர்கள்: மீட்டருக்கு 2 சென்டிமீட்டர், மூன்றடிக்கு முக்கால் அங்குலம், சுவரிலிருந்து வெளியே. கண் மட்டத்தை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் அரை அங்குல தெர்மாகோல் வையுங்கள், பிறகு அதன் மேல்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு சீலண்ட் அடையுங்கள். அதை விட்டால் தண்ணீர் நேராக அந்த இடுக்கில்தான் இறங்கும்.

எப்போது போடுவது? தை, மாசி. மழையில் மணல் தானே இறுகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆடிக் காற்றில் மட்டும் போடாதீர்கள், மணியாஸ் கட்டையால் தேய்த்து முடிப்பதற்குள் மேல்பரப்பு காய்ந்து முடி முடியாக வெடிக்கும், காற்றோடு வருகிற மணல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால் சாயங்காலம் ஆரம்பித்து, முடிந்த இடத்தை உடனுக்குடன் பாலிதீனால் மூடிக்கொண்டே போங்கள். மறுநாள் காலையிலிருந்து சாக்கு போட்டுப் பத்து நாள் நனையுங்கள், நல்ல தண்ணீரில்.

முதல் பெருமழை வரும்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கேயாவது தேங்கினால் அந்த இடத்தில் அன்றைக்கே ஒரு அடையாளம் வைத்துவிடுங்கள், மழை விட்டதும் அந்தப் பக்கத்து மண்ணைச் சரித்து வழி வெட்டினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.