வாய்தா வேறு, கெடு வேறு: சிவில் வழக்கில் அவகாசம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிட்டி சிவில் கோர்ட் வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “வாய்தா வாங்கியாச்சு, இனி அடுத்த மாசம்தான்.” இதை நம்பி நிம்மதியாக வீடு திரும்பும் பிரதிவாதிதான் பிறகு சிக்கிக்கொள்கிறார். வாய்தா என்பது வழக்கை மறுபடி கூப்பிடும் நாள். கெடு என்பது சட்டம் வைத்த நாள். வழக்கு தள்ளிப்போனால் கெடுவும் கூடவே தள்ளிப்போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சம்மனிலிருந்தே தொடங்குவோம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் கணவர் இல்லாத நேரத்தில் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் சம்மன் சார்பானதாகவே, அதாவது முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படலாம். அவருடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்க சட்டம் இடம் தருகிறது. “என் கைக்கு வரவே இல்லையே” என்ற வாதம் அங்கே எடுபடுவது கடினம். வாங்க மறுத்தால் இன்னும் மோசம், மறுத்ததே சார்பு செய்ததாகிவிடும். சம்மன் வந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஜூன் 3 அன்று வந்திருந்தால் எதிர்வழக்குரை (வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய 30-ஆவது நாள் ஜூலை 3. காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் நீட்டிக்கக்கூடிய 90-ஆவது நாள் செப்டம்பர் 1.

சாதாரண வழக்கில் இந்த 90 நாள் இரும்பு வேலி கிடையாது, தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. இதை வைத்துக்கொண்டு வணிக வழக்கிலும் அலட்சியமாக இருப்பதுதான் ஆபத்து. மண்ணடி இரும்பு வியாபாரத்திலோ சவுகார்பேட்டை மொத்தக் கடையிலோ சரக்குப் பாக்கிக்காக 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வழக்கு வணிக வழக்காகப் பதிவாகியிருந்தால், 120-ஆவது நாளோடு எதிர்வழக்குரை போடும் உரிமையே போய்விடும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று உறுதி செய்தது. அதனால் வக்காலத்து கொடுக்கும் அன்றே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது சாதாரண வழக்கா, வணிக வழக்கா?

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது பிரதிவாதி வராமலே சொல்லப்படும் தீர்ப்பு ஆன பிறகு நடக்கும் குளறுபடிகள்தான் அதிகம். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்குக் கெடு தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால் மட்டுமே, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டிவிட்டால் இரண்டு மனு வேண்டும்: தாமதத்தை மன்னிக்க ஒன்று, தீர்ப்பை ரத்து செய்ய ஒன்று. ரத்து மனுவை மட்டும் போட்டால் அது கோர்ட்டில் எண் கொடுத்துப் பதிவாகாமல் ரிட்டர்ன் ஆகும். கூடவே எதிர்வழக்குரையையும் தயாராக வைத்துக் கொடுப்பது நல்லது. வழக்கை நடத்தும் எண்ணம் உண்மையானது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தாமத நாட்களைத் தப்பாக எண்ணுவது இன்னொன்று. தீர்ப்பு 18.2.2025, மனு தாக்கல் 25.4.2025. பலர் 66 நாள் தாமதம் என்று எழுதுவார்கள். கெடு முடிந்தது 20.3.2025 அன்று, ஆகவே தாமதம் 36 நாள். மேல்முறையீட்டில் தீர்ப்பு நகல் வாங்க ஆன காலத்தைக் கழிக்கலாம். எக்ஸ்பார்ட்டி ரத்து மனுவில் அந்தக் கழிவு கிடையாது. நகல் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் நாட்களை இழக்கிறார்கள்.

தாமத மன்னிப்பு மனுவோடு போடும் அபிடவிட்டுக்கு (பிரமாணப் பத்திரத்துக்கு) வருவோம். “உடல்நலக் குறைவால் வர இயலவில்லை” என்ற ஒற்றை வரி எந்த நாளையும் விளக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “12.3.2025 அன்று ஸ்டான்லி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டேன், 21.3.2025 டிஸ்சார்ஜ், அதன்பின் 30 நாள் படுக்கையில் ஓய்வெடுக்க டாக்டர் அறிவுறுத்தினார், 21.4.2025 அன்று வக்கீலைச் சந்தித்தேன்.” டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைப்பில் இருக்க வேண்டும். கெடு முடிந்த நாளுக்கும் தாக்கல் நாளுக்கும் இடையே விளக்கம் இல்லாத இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்பு பிடிப்பது அங்கேதான். தாமதத்துக்குக் குமாஸ்தா மேல் பழி போடும் வழக்கமான வரியையும் தவிர்க்கலாம். ஆதாரம் இல்லாவிட்டால் அது எடுபடாது. இ-கோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வழக்கின் நிலை தெரிந்திருக்குமே என்ற கேள்வி வரும்.

மன்னிக்கவே முடியாத தாமதமும் உண்டு. காலவரையறைச் சட்டம் 5-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். வழக்கு தொடுப்பதற்கும், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21-இன் கீழ் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுக்களுக்கும் அது பொருந்தாது. புரோநோட்டுக்கு 3 ஆண்டு முடிந்தால் முடிந்ததுதான். அதற்குள் கடன் வாங்கியவரிடம் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்ட கையெழுத்தையோ, அவரே எழுதிய அல்லது கையெழுத்திட்ட பகுதிப் பணம் கட்டிய குறிப்பையோ வாங்கிவிட்டால் புதுக் காலம் தொடங்கும். வாய்ப்பேச்சில் “தர்றேன்” என்றால் போதாது. வாதியோ பிரதிவாதியோ இறந்துவிட்டாலும் சும்மா இருக்கக் கூடாது: வாரிசுகளைச் சேர்க்க 90 நாள், அதைச் செய்யாமல் வழக்கு அற்றுப்போனால் (தானே முடிந்துபோனால்) அந்த நிலையை நீக்கக் கேட்க மேலும் 60 நாள்.

கடைசியாக, தாமத மன்னிப்பு மனு ஜெயித்த பிறகு தோற்கும் விதம். “குறிப்பிட்ட தேதிக்குள் இன்ன தொகை செலவுத் தொகை செலுத்தினால் மனு அனுமதிக்கப்படும், தவறினால் தள்ளுபடி” என்றே பெரும்பாலும் உத்தரவு வரும். தொகையை எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து ரசீது வாங்கி, அதைக் கோர்ட்டில் மெமோவோடு தாக்கல் செய்யுங்கள். அவர் வாங்க மறுத்தால் அதே நாளில் கோர்ட்டிலேயே கட்ட அனுமதி கேளுங்கள். பணம் புரட்ட முடியாத நிலை என்றால் தேதி முடியும் முன்பே சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஆவது பிரிவில் அவகாச மனு போட வேண்டும். தேதி போன பிறகும் போடலாம்தான். ஆனால் பொதுவாக மொத்தம் 30 நாள்தான் நீட்டிக்க முடியும்.