பக்கத்தில் படுப்பவர் கவனிக்க வேண்டியவை

குறட்டை விடுகிறவருக்குத் தன் குறட்டை கேட்காது, இடையில் மூச்சு நின்றுபோவதும் தெரியாது. அதனால் இதை அவரோடு ஒரே அறையில் படுக்கிறவருக்காக எழுதுகிறேன். என் கணவருக்கு இருக்கும் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயும் நான் சொல்லித்தான் வைத்தியருக்குத் தெரியவந்தது.

ஒரே சீராகப் போகும் குறட்டை வேறு. குறட்டை திடீரென்று அடங்கி, நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கி, பிறகு திணறிக்கொண்டு பெரிதாக மூச்சு இழுப்பது வேறு. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கும் பின்னால் சரிந்து, காற்றுப் பாதையை அடைத்துவிடும். 10 செக்கன் அடைபட்டாலே கணக்கில் சேரும். மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம்.

இதை வாயால் சொன்னால் அவரே மறுப்பார். ஆகவே வீடியோ எடுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்குக் காலி வீதி என்ற பெருவீதியின் பஸ் சத்தம் ஓய வேண்டும். ஃபேனையும் குறைத்து, நெஞ்சு தெரிகிற மாதிரி ஃபோனை வைத்தேன். கூடவே எழுதிவையுங்கள்: காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீர், பகலில் கண் சொருகுவது, மாத்திரைக்கும் அடங்காத பிரஷர். தையல் டேப்பால் கழுத்தையும் அளங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் சந்தேகம் கூடும். மெலிந்தவருக்கு வராது என்று நினைக்க வேண்டாம், தாடை சிறிதாக இருந்தாலும் வரும்.

குடும்ப வைத்தியரிடம் காட்டி, மார்புநோய் அல்லது காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். பரிசோதனை ஓர் இரவுத் தூக்கம்தான். சிலருக்கு விரல் கிளிப், மூக்குக் குழாய், நெஞ்சுப் பட்டி மாட்டி வீட்டிலேயே செய்யலாம். மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபடுகிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள்: 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை.

கடுமையென்றால் பெரும்பாலும் சீபாப் மெஷின். முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைக்கும். 1981இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. மாஸ்க்கில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். முதலில் பகலில், டீவி பார்க்கும்போது மாட்டிப் பழகட்டும். வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூக்கோடு வாயையும் மூடும் மாஸ்க் வேண்டும். தாடி மீசையால் காற்றுக் கசியலாம். ஏசி அறையில் மெஷினின் ஈரப்பதமூட்டியைக் கூட்டினால் குழாயில் நீர் கோர்த்து முகத்தில் சொட்டும். ஏசியின் குளிரைக் குறைத்து, மெஷினைக் கட்டிலுக்குக் கீழ்மட்டத்தில் வையுங்கள். ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்ற வேண்டும். மாஸ்க்கைத் தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள்.

லேசானவர்களுக்குப் பல் வைத்தியர் செய்யும் தாடைக் கருவி உதவலாம். எடை கூடியவர் அதைக் குறைப்பதும், எல்லோரும் பக்கவாட்டில் சரிந்து படுப்பதும் நல்லது. இரவில் மதுவும், வைத்தியரைக் கேளாமல் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம். கண் சொருகுகிறவரை வாகனம் ஓட்ட விடாதீர்கள்.

அப்புறம், எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த நோயை முன்கூட்டியே சொல்லி, மெஷினையும் கொண்டுபோங்கள்.