ஐம்பதை நெருங்கும்போது மீண்டும் பட்டப்படிப்பு: சென்னையில் சேர விரும்புவோருக்கு

நடுத்தர வயதைத் தாண்டிப் படிக்கப் புறப்படுகிறவரிடம் எல்லோரும் துணிச்சலைப் பற்றியே பேசுகிறார்கள். நாற்பத்தேழு வயதில் தொலைநிலைக் கல்வியில் வரலாறு படிக்கச் சேர்ந்து பட்டம் பெற்ற எனக்கு, துணிச்சலைவிட அதிகம் இடைஞ்சல் தந்தவை பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய சான்றிதழ்களும், எழுதும் பழக்கம் விட்டுப்போன வலது கையுமே.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஆர்வத்திற்காக மட்டும் என்றால் எந்த வழியும் நல்ல வழிதான். அரசு வேலையோ பதவி உயர்வோ நோக்கமாக இருந்தால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். எனவே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை எழுதித் தேர்ச்சி பெற்றுவிடுவது நல்லது. சட்டம், பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு ஆகியவற்றைத் தொலைநிலையில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை என்பதால், அவற்றை விரும்புவோர் நேரடியாக வகுப்புக்குச் செல்ல ஆயத்தமாக வேண்டும்.

சென்னைவாசிக்கு வாய்ப்புகள் அருகிலேயே இருக்கின்றன. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகிறது; சைதாப்பேட்டையில் 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தமிழ்வழியில் படிக்க விரும்புவோருக்கு நல்ல தேர்வு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்கும் இங்கே மண்டல மையம் உண்டு. அதன் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் என்பதால், வீட்டில் அமர்ந்து நிதானமாக எழுதுகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். கணக்கில் பயமில்லாதவர்கள், வயது வரம்பு இல்லாத சென்னை ஐஐடியின் இணையவழித் தரவு அறிவியல் படிப்பையும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஒரே ஆண்டில் 'உறுதியான தேர்ச்சியோடு' முடித்துத் தருவதாகச் சுவரொட்டி ஒட்டும் இடைத்தரகர்களிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்; கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே செலுத்துங்கள்.

இனிச் சான்றிதழ்கள். திருமணமான பெண்களுக்கு இங்கே ஒரு முடிச்சு காத்திருக்கிறது. என் பள்ளிச் சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர, மாணவரின் படிப்புப் புள்ளிகளைச் சேமித்து வைக்கும் கணக்கின் ஏபிசி (ABC) எண்ணும், அதைக்கொண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பெறும் டெப் (DEB) எண்ணும் தேவைப்படுகின்றன; இவை ஆதாரோடு இணைந்தவை என்பதால், அந்த ஓரெழுத்து வேறுபாடே விண்ணப்பத்தை முடக்கிவிடக்கூடும். ஆதாரில் பெயரைப் பொதுவாக இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், எந்தப் பெயரில் பட்டம் வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகே திருத்தத்துக்குச் செல்லுங்கள். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரையே வைத்துக்கொள்வது சுலபம் என்பது என் கருத்து. வேறு பெயரில்தான் பட்டம் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்தப் பிரதியை எல்லாவற்றோடும் இணைக்க வேண்டியிருக்கும். மதிப்பெண் சான்றிதழே தொலைந்திருந்தால், காவல் துறையில் பதிவு செய்துவிட்டு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம்படிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம். சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடப்பதால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.

படிக்க இடம் வீட்டில் அமையாவிட்டால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லுங்கள். சொந்தப் புத்தகங்களை எடுத்துச் சென்று படிக்க அங்கே தனிப்பகுதி உண்டு.

கடைசியாகக் கை. என் முதல் தேர்வில் எல்லா வினாக்களுக்கும் விடை தெரிந்திருந்தும், ஒன்றேகால் மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி இழுத்துப் பிடித்துக்கொண்டது. பேனாவை இரு விரல்களுக்கு இடையில் மாற்றி மாற்றிப் பிடித்தும் ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்தேன். இருபது ஆண்டுகளாகப் பால் கணக்கும் கையெழுத்தும் தவிர வேறெதுவும் எழுதாத கை அது. ஆகவே தேர்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தினமும் அரை மணி நேரம் எழுதத் தொடங்கி, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டி, கடைசி மாதத்தில் முழு மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றையாவது பழைய வினாத்தாளை வைத்து எழுதிப் பாருங்கள். அழுத்தாமல் ஓடும் பேனாவாகப் பார்த்து, ஒரே வகையில் இரண்டு வாங்கி, அதிலேயே பழகுங்கள். வாசிக்கும் கண்ணாடியைத் தேர்வுக்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் தாள் தரும் மையமாக இருந்தால், தாள்களை வரிசைப்படுத்தி நூலால் முடிச்சுப் போட ஐந்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். மரத்துப்போன விரலுக்கு அந்த முடிச்சு எளிதில் விழாது.