சமையலறையில் பாறைகளைக் கற்பிக்கும் முறை

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்ற பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தைகள் பலருக்கு, அவை தோற்றத்தால் அல்ல, உருவான விதத்தால் பிரிக்கப்பட்டவை என்பது தெரிவதில்லை. ஆகவே பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்; முதலில் செயல்முறையைக் குழந்தை தன் கையால் செய்து பார்க்கட்டும்.

படிவுப் பாறையிலிருந்து தொடங்குவது எளிது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பொடிக்கற்கள், மணல், களிமண் ஆகியவற்றில் ஒவ்வொரு பிடி போட்டு, முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். கற்கள் உடனே அடியில் தங்கும். மணல் அடுத்துப் படியும். களிமண் படிந்து தண்ணீர் தெளிவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். வேகமாக ஓடும் ஆறு கற்களையும், அசைவற்ற நீர்நிலை நுண்ணிய களிமண்ணையும் விட்டுச்செல்வதன் காரணம் இதில் தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பாட்டிலில் இருப்பது வெறும் படிவுதான், பாறை அன்று. அடியில் சிறு துளைகளிட்ட காகிதக் கோப்பையை ஒரு தட்டில் வைத்து, அதில் உலர்ந்த மணலை அழுத்தி நிரப்பி, இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரை மணல் நனையும்வரை ஊற்றி, சில நாட்கள் நன்றாகக் காயவிட்டுக் கோப்பையைக் கிழித்தெடுங்கள். நீர் ஆவியானதும் எஞ்சும் உப்புப் படிகங்கள் மணல் துகள்களைப் பிணைத்திருக்கும். இயற்கையில் இந்த வேலையைச் சிலிக்கா, கால்சைட் போன்ற, நீரில் கரைந்து வந்து படியும் கனிமங்கள் செய்கின்றன. கட்டியில் ஒரு துண்டை நீரில் போட்டால் உதிர்ந்துவிடும் என்பதால், பிணைப்பின் வலிமையே பாறையின் வலிமை என்பதையும் காட்டிவிடலாம்.

தீப்பாறைக்கான சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், ஏனெனில் உருகிய சர்க்கரை 150 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையை நீரின்றி உருக்கிக் குளிர்ந்த எஃகுத் தட்டில் சிறிது ஊற்றினால், படிகம் உண்டாக நேரமில்லாமல் கண்ணாடிபோல் இறுகும். எரிமலைக் குழம்பு விரைவாகக் குளிர்ந்து அப்சிடியன் என்னும் கண்ணாடி போன்ற கல் ஆவதும் இவ்வாறே. கிரானைட்டோ நிலத்தின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்வதால் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. அந்த நிதானத்தைக் காட்ட, செறிவான சர்க்கரைக் கரைசலில் ஒரு நூலைத் தொங்கவிட்டு ஒரு வாரம் போல அசைக்காமல் வைக்கலாம். இந்தப் படிகங்கள் உருகலிலிருந்து அல்ல, கரைசலிலிருந்து வளர்கின்றன என்பதைக் குழந்தையிடம் மறைக்க வேண்டியதில்லை.

உருமாறிய பாறைக்கு, அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே மாறிய பாறைக்கு, பிசைந்த மாவில் நீண்ட அரிசி மணிகளைத் தாறுமாறாகக் கலந்து உருட்டி, பலகையால் மேலிருந்து அழுத்தி, பக்கவாட்டில் வெட்டிப் பாருங்கள். பெரும்பாலான மணிகள் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். சிஸ்ட் என்னும் உருமாறிய பாறையில் மைக்கா என்ற கனிமத்தின் மெல்லிய தகடுகள் அழுத்தத்துக்குக் குறுக்காக அடுக்கப்படுவதும் இப்படித்தான். இதற்குச் சாக்லேட்டை உருக்கிக் காட்டும் பழக்கம் தவறான பாடத்தைத் தருகிறது: சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாக மாறும்போது அது திட நிலையிலேயே இருக்கிறது, உருகி மீண்டும் இறுகினால் அது தீப்பாறையாகிவிடும்.