கீமோ கணக்கில் படிக்கக் கூடாத ரிப்போர்ட்

ரத்தப் புற்றுநோயான லுக்கீமியாவுக்கு மருந்து என்றால் புற்றுசெல்லைக் கொல்வது என்றே பழகிவிட்டோம். டிஃபரன்ஷியேஷன் தெரபி அப்படியல்ல; வளராமல் பாதியில் நின்றுபோன செல்லை முதிர வைக்கிறது. இதை மறந்து, கீமோவுக்குப் பார்ப்பதுபோலவே ரிப்போர்ட்டைப் பார்ப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஏபிஎல் எனப்படும் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியாவை எடுத்துக்கொள்வோம். 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் உருவாகிறது. முதிர்ச்சிக்கான மரபணுக்களை அது அடக்கி வைப்பதால் செல் புரோமைலோசைட் என்ற பாதி வளர்ந்த நிலையைத் தாண்டுவதில்லை. ஆட்ரா மருந்து அந்தப் புரதத்தோடு இணைந்ததும் அடக்குமுறை விலகும், புரதமும் சிதையும். செல் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவாக முதிர்ந்து, தன் ஆயுள் முடிந்து சாகும்.

இந்த நோயில் முதல் ஆபத்து ரத்தக்கசிவு, குறிப்பாக மூளையில். அதனால் மரபணு முடிவு வரட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. ஏபிஎல் என்ற சந்தேகம் வந்தாலே ஆட்ராவைத் தொடங்கிவிடுவார்கள். சோதனையில் வேறு நோய் என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம், மருந்து தொடங்கியபின் வெள்ளையணு எண்ணிக்கை ஏறும். மருந்து தோற்றுவிட்டது என்று குடும்பமே கலங்கிப்போகும் கட்டம் இது. முதிரும் செல்கள் ரத்தத்துக்குள் வருவதால் இந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான். அதற்காக அலட்சியமும் கூடாது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேறு மருந்து சேர்க்க வேண்டி வரலாம்.

கூடவே காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடை ஏற்றம், கால்வீக்கம் வந்தால் அது இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவான டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோமாக இருக்கலாம். நிமோனியா என்றே முடிவுகட்டி ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்த உடனேயே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, வழக்கமாக 10 மில்லிகிராம் தினம் இருமுறை, தொடங்குவார்கள். தினமும் எடை பார்ப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் உடலில் நீர் கோப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இரண்டாம் வாரமே எலும்பு மஜ்ஜையைச் சோதித்துப் பார்த்து மனம் தளர்வதும் வேண்டாம். பாதி முதிர்ந்த செல்கள் அங்கே நிறைய இருக்கும், மருந்து வேலை செய்யவில்லை என்பதுபோலவே தெரியும். முதிர்ச்சிக்கு வாரங்கள் ஆகும்.

சரி, ஆட்ரா வைட்டமின் ஏ குடும்பம்தானே, கடை மாத்திரை போதாதா? போதாது. அது வேறு மூலக்கூறு. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ கல்லீரலைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

ஆட்ரா மட்டுமே போதும் என்ற நினைப்பும் தவறு. 1988இல் ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளிகளிடம் கண்ட நல்ல பலனை வெளியிட்டார்கள். ஆனால் தனியாகக் கொடுத்தபோது பலருக்கு நோய் திரும்பியது. இன்று ஆபத்து குறைந்த ஏபிஎல்லில் ஆட்ராவோடு ஆர்சனிக் ட்ரையாக்சைடு சேர்க்கிறார்கள். ஆர்சனிக் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம் சோதனைகளைத் தவறவிடக் கூடாது.

எல்லா லுக்கீமியாவுக்கும் டிஃபரன்ஷியேஷன் தெரபி பொருந்தாது. ஏஎம்எல் எனப்படும் அக்யூட் மைலாய்டு லுக்கீமியாவில் ஐடிஹெச்1, ஐடிஹெச்2 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, இதேபோல் செல்லை முதிர வைக்கும் ஐவோசிடெனிப், எனாசிடெனிப் போன்ற மருந்துகள் உண்டு. இவற்றின் பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். முதல் மாதத்திலேயே பயனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மேலே சொன்ன சிண்ட்ரோம் இவற்றிலும் வரும், சிலருக்குத் தாமதமாகவே வரும். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுபவரும் உடனிருப்பவரும் அதன் அறிகுறிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.