பெற்றோர், பிள்ளை, காலம்: குடும்ப உறவை ஒரே அளவுகோலால் அளப்பது எப்படி?

குடும்ப நெருக்கம் பற்றிய ஒரே வினாக்களைப் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டு, பெற்றோரின் சராசரி 4.2 என்றும் பிள்ளையின் சராசரி 3.6 என்றும் வந்தால், பிள்ளைகள் நெருக்கத்தைக் குறைவாகவே உணர்கிறார்கள் என்று உடனே எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரு தரப்பினரும் வினாக்களை ஒரே பொருளில் புரிந்துகொண்டு, விடைகளை ஒரே விதமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சரிபார்க்கும்வரை, அந்த வேறுபாடு உறவில் இருக்கிறதா, அளவுகோலில் இருக்கிறதா என்று சொல்ல இயலாது. இந்தச் சரிபார்ப்பே அளவீட்டு மாறாமைச் சோதனை. பல வினாக்களின் விடைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பொதுப் பண்பைக் காரணி என்பார்கள்; அதைக் கண்டறியும் காரணிப் பகுப்பாய்வின் அடிப்படை தெரிந்திருந்தால் இதைச் செய்துவிடலாம்.

படி 1: தரவை அடுக்குதல். நான்கு வினாக்கள், இரண்டு தரப்பினர், மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை, அதில் 24 நெடுவரிசைகள். பெற்றோரையும் பிள்ளைகளையும் இரண்டு தனிக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவதே தொடக்கநிலையில் அதிகம் நிகழும் தவறு. ஒரே வீட்டில் வாழ்பவர்களின் விடைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. குழு ஒப்பீடோ அவற்றைச் சார்பற்றவை என்று எடுத்துக்கொள்கிறது.

படி 2: அடிப்படை மாதிரி (model). ஒவ்வொரு தரப்பினருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு காரணி வீதம் ஆறு காரணிகளை அமைத்து, அவை தமக்குள் தொடர்புகொள்ள விடுங்கள். அடுத்து, ஒரே வினாவின் பிழைகளையும், அதாவது விடைகளில் காரணியால் விளக்கப்படாத பகுதிகளையும், இணைக்க வேண்டும்: ஒருவர் வெவ்வேறு ஆண்டுகளில் அளித்த விடைகளுக்கிடையே 24 இணைப்புகள், ஒரே ஆண்டில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே 12 இணைப்புகள். இவற்றை விட்டுவிட்டால், வினாவின் சொல்லமைப்பால் வரும் ஒற்றுமை உறவின் நிலைத்தன்மை போலத் தோற்றமளிக்கும். இந்த மாதிரியே தரவுக்குப் பொருந்தவில்லை என்றால் மேலே செல்வதில் பயனில்லை.

படி 3: சுமைகளைச் சமப்படுத்துதல். ஒரு வினாவின் விடை காரணியோடு எவ்வளவு வலுவாக இணைந்திருக்கிறது என்று காட்டும் எண்ணே சுமை. ஒவ்வொரு வினாவின் காரணிச் சுமையும் ஆறு காரணிகளிலும் ஒன்றே என்று கட்டுப்படுத்துங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் லாவான் (lavaan) தொகுப்பில், சமமாக இருக்க வேண்டிய சுமைகளுக்கு ஒரே பெயரைச் சூட்டினால் போதும். முதல் வினாவின் சுமையை 1 என நிலைநிறுத்தியிருந்தால், 18 சுமைகளுக்குப் பதிலாக 3 மட்டுமே கணிக்கப்படும். நிலைநிறுத்திய அந்த வினாவே தரப்பினருக்கேற்ப மாறக்கூடியது என்றால் பழி மற்ற வினாக்கள்மேல் விழும். ஆகவே அதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: வெட்டுத்துண்டுகளைச் சமப்படுத்துதல். காரணியின் மதிப்பு சுழியமாக இருக்கும்போது ஒரு வினாவுக்கு எதிர்பார்க்கப்படும் விடையே அதன் வெட்டுத்துண்டு. சராசரிகளை ஒப்பிடும் உரிமை இந்தப் படியில்தான் கிடைக்கிறது. பெரும்பாலான ஆய்வுகள் தடுமாறுவதும் இங்கேதான். ‘நாங்கள் சேர்ந்து நேரம் செலவிடுகிறோம்’ என்ற வினாவை 10 வயதிலும் 15 வயதிலும் கேட்பதாகக் கொள்வோம். வளரும் பிள்ளை நண்பர்களோடு அதிக நேரம் கழிப்பதால், நெருக்கம் சிறிதும் குறையாதபோதும் இந்த விடை மட்டும் இறங்கலாம். அப்போது அந்த வினாவின் வெட்டுத்துண்டு காலத்தோடு நகர்கிறது. அதைக் கவனிக்காமல் கூட்டினால், வயதின் இயல்பை உறவின் தளர்ச்சி என்று அறிவித்துவிடுவோம். 24 வெட்டுத்துண்டுகளை 4 ஆகச் சுருக்கும்போது, முதல் காரணியின் சராசரியைச் சுழியத்தில் வைத்து, மற்ற ஐந்தின் சராசரிகளையும் விடுவிக்க மறக்காதீர்கள்.

படி 5: முடிவெடுத்தல். ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியோடு ஒப்பிடுங்கள். மாதிரி தரவிலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை பெரிய தரவுகளில் அற்ப வேறுபாட்டையும் பெரிதாகக் காட்டும் என்பதால், மாதிரியின் பொருத்தத்தை அளக்கும் சிஎஃப்ஐ (CFI) குறியீடு 0.01-க்கு மேல் குறைகிறதா என்று பார்க்கும் வழக்கம், சியுங், ரென்ஸ்வோல்ட் ஆகியோரின் 2002 ஆய்வுக்குப் பின் பரவியது. அது குழு ஒப்பீட்டுக்காக உருவான வரம்பு. இங்கே அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் வழிகாட்டியாகக் கொள்வதே நல்லது. விடைத் தெரிவுகள் இரண்டோ மூன்றோ மட்டுமே என்றால், வெட்டுத்துண்டுகளுக்குப் பதிலாக, ஒரு தெரிவிலிருந்து அடுத்த தெரிவுக்கு மாறும் எல்லைகளான வாசல் மதிப்புகளைக் கையாளும் வேறு கணிப்பு முறை தேவைப்படும்.

சமப்படாத வினா ஒன்றிரண்டு இருந்தால், அவற்றின் கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்திப் பகுதி மாறாமையோடு தொடரலாம். எந்த வினாவை, எந்தக் காரணத்தால் தளர்த்தினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். சுமைகள் மட்டுமே சமமாகி வெட்டுத்துண்டுகள் சமமாகவில்லை என்றால், பெற்றோரின் மதிப்பீடும் பிள்ளையின் மதிப்பீடும் காலப்போக்கில் எப்படித் தொடர்புறுகின்றன என்று ஆராயலாம். யாருடைய சராசரி உயர்ந்தது என்ற ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.