யூஎஸ்பி சீரியல் அடாப்டர் படுத்துகிறதா? டிரைவரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலோ ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஃபர்ம்வேர் போட்ட ரவுட்டரிலோ யூஎஸ்பி சீரியல் அடாப்டர் (யூஎஸ்பி ஓட்டையைச் சீரியல் போர்ட்டாக மாற்றும் சின்னக் கருவி) வேலை செய்யவில்லை என்றால் எல்லாரும் முதலில் டிரைவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வீட்டு மின்சார மீட்டரை ஆர்எஸ்485 என்ற ஏ, பி வயர் சீரியல் இணைப்பு வழியாகப் படிக்க ஒரு ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறேன், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரீடிங் நின்றுவிடும், ரீபூட் செய்தால் ஒழுங்காக ஓடும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றினேன், மெமரி கார்டை மாற்றினேன், மீட்டர் வயரைக்கூடப் புதிதாக இழுத்தேன். எதுவும் காரணம் இல்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அடாப்டரைச் செருகுங்கள். பையில் 'டிமெசேஜ் -டபிள்யூ', ரவுட்டரில் 'லாக்ரீட் -எஃப்'. செருகிய உடனே திரையில் ஒரு வரிகூட நகரவில்லையா, அடாப்டரின் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலும் பழைய போனோடு வந்த, சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருக்கும், அதற்குள் டேட்டா வயரே கிடையாது. வரி வருகிறது ஆனால் -71 அல்லது -110 என்று பிழை எண்ணோடு வருகிறது என்றால், சாதனம் இருப்பது தெரிகிறது, பேச்சுதான் பாதியில் அறுந்துபோகிறது. பெரும்பாலும் தளர்ந்த கேபிள், இல்லையென்றால் மின்சாரம் போதவில்லை. பையில் பக்கத்திலேயே அண்டர்வோல்டேஜ் (மின்னழுத்தக் குறைவு) என்ற வார்த்தையும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டுங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாகச் செருகுங்கள்.

அடாப்டர் தெரிகிறது, ஆனால் 'டிடிஒய்யுஎஸ்பி0' என்ற சீரியல் போர்ட் உருவாகவில்லை. இப்போதுதான் டிரைவரின் முறை. 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை காட்டும் அடையாள எண்ணைப் பாருங்கள், அடாப்டருக்குள் எந்த சிப் என்று அது சொல்லும்: 0403:6001 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86:7523 என்றால் சிஎச்340, 067பி:2303 என்றால் புரொலிஃபிக், 10சி4:இஏ60 என்றால் சிபி2102. பையில் இவை எல்லாவற்றுக்கும் டிரைவர் ஏற்கெனவே இருக்கும். ரவுட்டரில் இருக்காது, இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி கே-மாட் (கர்னல் மாட்யூல்) பேக்கேஜாக வைத்திருக்கிறார்கள், உங்கள் சிப்புக்கு உரியதை நீங்களே நிறுவ வேண்டும். அதுவும் ரவுட்டரில் ஓடும் அதே கர்னலுக்குக் கட்டியதாக இருக்க வேண்டும், அடிக்கடி மாறும் ஸ்னாப்ஷாட் (சோதனை) ஃபர்ம்வேர் போட்டு ஒரு மாதம் கழித்து பேக்கேஜ் தேடினால் பொருந்தாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும்.

எண் 0403:0000 என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது போலி எஃப்டிடிஐ சிப். 2014 அக்டோபரில் வந்த விண்டோஸ் டிரைவர் ஒன்று போலிகளின் எண்ணை அழித்து 0 ஆக்கியது, பெரிய ரகளை ஆகி அதைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸ் டிரைவரோ அந்த 0000 எண்ணையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, அதனால் அது பையில் இன்னும் உழைக்கும்.

இன்னொன்று. அடாப்டரைச் சோதிக்க உபுண்டு 22.04 லேப்டாப்பில் செருகினால், சிஎச்340 ஒரு நொடி தோன்றிவிட்டு மறைந்துபோகலாம். பிரெய்ல் திரைக்கான 'பிஆர்எல்டிடிஒய்' என்ற நிரல் அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. பிரெய்ல் சாதனம் பயன்படுத்தாதவர் என்றால் அதை நீக்கிவிடுங்கள், சரியாகிவிடும்.

போர்ட் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை என்கிறதா? உங்கள் பயனர் பெயரை 'டயல்-அவுட்' குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். இதை மறந்துவிட்டு ஒவ்வொரு முறையும் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டே காலம் தள்ளுகிறவர்கள் நிறைய.

எல்லாம் சரி, ஆனாலும் எதிர்முனையில் உள்ள சாதனம் பேசவில்லை என்றால், அதைக் குறை சொல்வதற்கு முன் லூப்பேக் (அனுப்பியது தனக்கே திரும்ப வருகிறதா என்ற சோதனை) செய்துவிடுங்கள். அடாப்டரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) இரண்டு பின்னையும் ஒரே ஜம்பர் வயரால் இணைத்து, மினிகாம் என்ற சீரியல் நிரலைத் திறந்து ஏதாவது ஒரு எழுத்தைத் தட்டுங்கள். அந்த எழுத்து திரையில் வர வேண்டும், வயரைப் பிடுங்கினால் வருவது நிற்க வேண்டும். பிடுங்கிய பிறகும் வந்தால் தட்டியதை நிரலே திரையில் காட்டும் லோக்கல் எக்கோவை ஆன் செய்து வைத்திருக்கிறீர்கள், அது சோதனையே இல்லை. வயர் இருந்தும் வரவில்லையா, மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (தனி வயர்களில் அனுமதி கேட்டு அனுப்பும் முறை) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், மூன்று வயர் மட்டும் இணைக்கும் இடத்தில் அது ஆஃப் ஆக இருக்க வேண்டும்.

லூப்பேக் தேறினால் அடாப்டர் நல்லது. இனி வயரிங்தான்: அடாப்டரின் டிஎக்ஸ் எதிர்முனையின் ஆர்எக்ஸுக்குக் குறுக்காகப் போக வேண்டும், அதன் டிஎக்ஸ் இதன் ஆர்எக்ஸுக்கு, கிரவுண்ட் கட்டாயம். ரவுட்டர் போர்டில் சீரியலுக்காக உள்ள நாலு பின்னில் விசிசி என்ற மின்சாரப் பின்னைத் தொடவே தொடாதீர்கள், போர்டு தன் சொந்த மின்சாரத்திலேயே ஓடட்டும். அடாப்டர் ஜம்பர் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்பதையும் இணைப்பதற்கு முன்பே பாருங்கள், பையின் பின்கள் 5 வோல்ட் தாங்காது. கோணல்மாணலாக எழுத்து வந்தால் பாட் ரேட் (பேச்சின் வேகம்) தப்பு, 115200-ல் தொடங்கிப் பாருங்கள். இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் மட்டும் பூட் ஆகும்போது 74880-ல் பேசும், அது வேறு கணக்கு. ஆர்எஸ்485-ல் எழுத்து கோணலாகக்கூட வராமல் முழு மௌனம் என்றால் ஏ, பி வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், எது ஏ எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

இப்போது என் மீட்டர் கதை. ஒருநாள் ரீடிங் நின்றதும் ரீபூட் செய்யாமல் லாக்கைப் படித்தேன். காலை 6:10-க்கு 'டிடிஒய்யுஎஸ்பி0' துண்டிக்கப்பட்டது, இரண்டு நொடியில் அதே அடாப்டர் 'டிடிஒய்யுஎஸ்பி1' என்று திரும்ப வந்திருக்கிறது. 6:10 எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம். மோட்டார் கிளம்பும் அதிர்ச்சியில் யூஎஸ்பி ஒரு கணம் விழுந்து எழுந்திருக்கிறது. என் ஸ்கிரிப்ட் செத்துப்போன பழைய 0-வை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் கர்னல் அந்த எண்ணைத் திரும்பத் தரவில்லை, புதியவருக்கு 1 கொடுத்துவிட்டது.

செய்தது இரண்டே காரியம். பையின் பவர் சப்ளையை மோட்டார் இருக்கும் லைனிலிருந்து வேறு லைனுக்கு மாற்றினேன். ஸ்கிரிப்ட்டில் 0, 1 என்று எழுதாமல் 'தேவ்' அடைவின் 'சீரியல்' துணை அடைவில் 'பை-பாத்' (செருகிய ஓட்டையை வைத்துப் பெயர் தருவது) என்பதற்குள் இருக்கும் பெயரைக் கொடுத்து, படிப்பதில் பிழை வந்தால் போர்ட்டை மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னேன். எஃப்டிடிஐ என்றால் அடாப்டரின் சீரியல் எண்ணை வைத்துப் பெயர் தரும் 'பை-ஐடி' இன்னும் வசதி, எந்த ஓட்டையில் செருகினாலும் அதே பெயர்தான். சிஎச்340-ல் பொதுவாக சீரியல் எண் இருக்காது, ஒரே மாதிரி இரண்டு வைத்திருந்தால் 'பை-ஐடி' குழப்பிவிடும், அதனால்தான் எனக்கு 'பை-பாத்'. ஒரே நிபந்தனை, அடாப்டரைக் கழற்றினால் அதே ஓட்டையில்தான் திரும்பச் செருக வேண்டும். நான் அந்த ஓட்டைக்கு மேலே மார்க்கரில் 'மீட்டர்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.